சும்மா நிற்க ஓர் ஊர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் நாத்தனார் மகன். அவள் புருஷன் செத்த வருஷம் அவனைக் கொண்டுவந்து விட்டாள், கல்யாணம் ஆகும்வரை என் வீட்டில்தான் சாப்பிட்டான். ஆறில் ஒன்றையும் பட்டினி போட்டதில்லை. பிறத்தியார் வாசலில் கை நீட்ட விட்டதில்லை. இதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதில் முன்னே பின்னே இருந்தாலும் இது சரியாக இருக்கவேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நாலு வரிக்கு விரல் மரத்துப்போகிறது. உதறிவிட்டு, வெந்நீர் குடித்துவிட்டு, மறுபடி உட்காருகிறேன். எனக்கு என்ன அவசரம்.

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில், மலையடிவாரத்துக்குப் பின்தெருவில். வீட்டுக்காரர் செய்யூர்ப் பக்கம் சவுக்குக் கட்டை ஏற்றும் லாரியில் வேலை பார்த்தார். ஒருநாள் கட்டு சரிந்து முழங்காலில் விழுந்தது. அதோடு சரி. பிறகு நான்தான் விடியற்கால பஸ் பிடித்துக் கல்பாக்கம் போய், அங்கே ஆபீஸ்காரர்கள் குடியிருக்கும் வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி, துணி துவைத்து வந்தேன். பல வருஷம். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். சாப்பாட்டில் உப்புப் பட்டால் எரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

மற்ற ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் போன பிறகு வீட்டில் மிச்சம் இருந்தது கடைசிப் பெண். ரத்தம், சிறுநீர் பார்க்கிற லேப் படிப்பு படித்தாள். அவள் படித்து முடித்த வருஷம் நான் மனசுக்குள் ஒன்று முடிவு செய்து வைத்திருந்தேன். அவள் செங்கல்பட்டில் வேலைக்குப் போவாள், தினம் வீட்டுக்கு வருவாள், நான் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிடுவேன். நான் வேலை செய்த வீட்டு அம்மா செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்தும் இருந்தார். நான் சாமியிடம் கேட்டது இது ஒன்றைத்தான். காலை ஆறு மணிக்கு ஒருநாளாவது பாயில் படுத்துக் கிடக்கவேண்டும்.

அந்த நேரத்தில்தான் அவளோடு படித்த பெண்ணுக்கு மதுரையில் கல்யாணம் வந்தது. நாலைந்து பேராகச் சேர்ந்து போனார்கள். போகிற வழியில் கும்பகோணம், தஞ்சாவூர் எல்லாம் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, நான் மதுரைல போய் இருக்கப்போறேன்."

"வேல கெடச்சுதாடி?"

"தேடினா கெடைக்கும். லேப்பு இல்லாத ஊரு எது?"

"பின்ன இன்னாத்துக்கு?"

"ஊரு புடிச்சிருக்கு."

எனக்கு அது விளங்கவே இல்லை. புருஷன் இருக்கிற ஊருக்குப் போவார்கள். வேலை கிடைத்த ஊருக்குப் போவார்கள். பிழைக்க வழியில்லாமல் போவார்கள். ஊர் பிடித்திருக்கிறது என்று புடவைக்கடையில் புடவை எடுக்கிற மாதிரி ஒரு பெண் ஊர் எடுப்பாளா?

வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "பழைய ஊருதான் வோணும்னா காஞ்சிபுரம் கீதே. ஒரு பஸ்சு ஏறினா போயிடலாம். இல்ல மாமல்லபுரம் கீது. ராசா காலத்து ஊரு, கடலு வேற. அதவுடவா?"

"நைனா, மாமல்லபுரம் வெள்ளக்காரனுக்குக் கட விரிக்கிற ஊரு. பொழுது சாஞ்சா அங்க நமக்கு இன்னா வேல?"

"தஞ்சாவூரு?"

"கோயிலு பெருசு. ஆனா நாங்க தங்கின தெருவுல எட்டு மணிக்கெல்லாம் கதவ சாத்திக்கினாங்க."

நாத்தனார் அப்போது எதிர்வீட்டில்தான் இருந்தாள். அவள் காதுக்குப் போகாமல் எங்கள் வீட்டில் பருப்பு வேகாது. வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டாள். "இன்னாடி, எவனாவது கீறானா அங்க? சொல்லிடு. உங்க ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. நான்தான் ஒதைப்பேன்."

"யாரும் இல்ல அத்த."

"யாரும் இல்லாத ஊருக்கு எதுக்குடி போற, பைத்தியமே?"

என் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். ராத்திரி நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"அங்க பொம்பளைங்க தெருவுல நிக்குதுங்கம்மா. ராத்திரி பத்து மணிக்கு. இட்லி வாங்குதுங்க, பூ வாங்குதுங்க. வாங்காதவங்களும் நிக்குதுங்க. சும்மா நிக்குதுங்க. எவனும் இன்னான்னு கேக்கல."

"நின்னு?"

"நின்னு ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்."

அவள் லேப் பயிற்சிக்குச் செங்கல்பட்டு போன நாட்களில் கடைசி பஸ்ஸில் வருவாள். இறங்கினதும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓட்டமாக வீடு வருவாள். நானும் என் வயசில் அப்படித்தான் வந்தேன். எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. அவள் நினைத்திருக்கிறாள்.

ஆனாலும் நான் சரி என்று சொல்லவில்லை. விரல் எரிந்தது. ஆறு மணிக்குப் படுத்திருக்கிற ஆசை எனக்குப் பெரிசாக இருந்தது. அவளும் விடவில்லை. பேசாமல் சாப்பிட்டாள், பேசாமல் தூங்கினாள். அவருக்கும் சலித்துப்போனது. அப்போது மலைமேல் உச்சிவேளைக்கு வருகிற கழுகுகள் வராமல் போயிருந்தன. ஜனங்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கழுகே இந்த ஊர வுட்டுப் போய்டுச்சு, உம்பொண்ணு போவ மாட்டாளா?" என்று அவர் சிரித்தார். "பேஜாரு வாணாம். அம்மங்கிட்ட பூ போட்டுப் பாத்துடலாம். அவ சொல்லட்டும்."

எங்களுக்குள் ஒரு காரியம் முடிவாகவில்லை என்றால் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் வாழைச் சருகில் ஒன்றுபோல மடித்து அம்மன் காலடியில் வைப்போம். ஒருவர் வேண்டிக்கொண்டு ஒன்றை எடுக்கவேண்டும். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. அதற்குமேல் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. வெள்ளை வந்தால் இங்கேயே இருப்பது, சிவப்பு வந்தால் மதுரை என்று பேசிக்கொண்டோம்.

வெள்ளைக்கு எப்போதும் நந்தியாவட்டைதான் வைப்போம். வீட்டு ஓரத்துச் செடியை அந்த வாரம் எவர் ஆடோ மொட்டோடு மேய்ந்துவிட்டது. அதனால் கொஞ்சம் குண்டுமல்லி வாங்கிக்கொண்டேன். சிவப்புக்குச் செவ்வரளி. வெள்ளிக்கிழமை காலையில் எல்லை அம்மன் கோயிலுக்குப் போனோம். அவர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். நாத்தனாரும் வந்தாள், கூப்பிடாமலே.

பூசாரிக்கு வயசாகிவிட்டது, கை நடுங்கும். "நீயே மடிச்சுக் குடும்மா" என்று என் பெண்ணிடம் பூவையும் சருகையும் கொடுத்தார். அவள் தூணுக்கு அந்தப்பக்கம் போய் மடித்துக் கொண்டுவந்தாள். யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. அம்மன் முன்னால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

யார் எடுப்பது என்றபோது பூசாரி என்னைத்தான் சொன்னார். "பெத்தவ நீ, நீயே எடு."

நான் குனிந்து ஒன்றைத் தொட்டேன். கற்பூரப் புகை விலகின நேரம். முகத்துக்கு அருகே வந்த பொட்டலத்தில் மல்லி வாசனை இல்லை. அப்படியானால் இது அரளி என்று நினைத்து, அம்மா தாயே மன்னித்துக்கொள் என்று சொல்லி, கையை அடுத்த பொட்டலத்துக்குக் கொண்டுபோனேன். அதிலும் மல்லி வாசனை இல்லை.

குண்டுமல்லியை எத்தனை சருகில் மடித்தாலும் அது தான் இருப்பதைச் சொல்லிவிடும். வாசம் வராத நந்தியாவட்டையாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டிலும் அரளியை மடித்தவள் விட்ட பிழை அதுதான்.

நிமிர்ந்து பார்த்தேன். என் பெண் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் பின்னால். முகம் வெளுத்துக் கிடந்தது. அஞ்சு வயசில் அம்மை போட்டுக் கிடந்தபோதுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அம்மனிடமே பொய் சொல்லத் துணிகிற அளவுக்கு ஒருத்திக்கு ஓர் ஊர் வேண்டியிருக்கிறது என்றால், அவளைப் பிடித்து வைத்து நான் என்ன செய்வேன்? பாத்திரம் தேய்க்கத் தெரிந்த கைதானே இது, இன்னும் கொஞ்ச வருஷம் தேய்க்கட்டும்.

"இன்னா அண்ணி, எடு சீக்கிரம், கால் கடுக்குது" என்றாள் நாத்தனார்.

ஒன்றை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தேன். மற்றதை யாரும் பிரிப்பதற்குமுன் எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

"செவப்பு" என்றார் பூசாரி.

நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மனே அனுப்புறா, நம்ம இன்னா சொல்றது." அன்றைக்குப் பிறகு தெருவில் எவளாவது என் பெண்ணைப் பற்றி வாய் திறந்தால் நாத்தனாரே சண்டைக்குப் போனாள்.

அவள் கிளம்புகிற அன்று பெட்டியில் துணி அடுக்கும்போது மூலையில் ஒரு காகிதம் மடித்துக் கிடந்தது. உள்ளே மல்லி, காய்ந்து பழுப்பாக. எறிய மனசில்லாமல் வைத்திருந்தாள் போல. அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே புடவையை அடுக்கினேன்.

பிறகும் நான் பல வருஷம் கல்பாக்கம் பஸ் ஏறினேன். அவள் மாசாமாசம் அனுப்பினாள், குறை சொல்லக்கூடாது. ஆனால் அவர் முழங்காலுக்கு வைத்தியம், அதற்குப் பின்னால் அவர் காரியம். அவரும் போன பிறகு வீட்டில் நான் ஒருத்தி. சாயங்காலம் பஸ் இறங்கி வந்து விளக்கைப் போடும்போது எரிச்சலாக வரும். பூவை நாமே எடுத்துக் கொடுத்தோமே என்று இருக்கும். இல்லையென்று சொல்லமாட்டேன். விளக்கு எரிய ஆரம்பித்ததும் அரிசி களையப் போய்விடுவேன்.

அவர் போய் வருஷம் திரும்பினதும் ஒருமுறை மதுரைக்குப் போனேன். மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை. ஒரு சன்னல், அதைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன். அன்றைக்கு அவளுக்குச் சாயங்கால வேலை. முடிந்து வந்து, "வாம்மா கீழ" என்று கூட்டிப்போனாள். கடைகள் எல்லாம் திறந்திருந்தன. அவள் இட்லி வாங்கப் போனாள். என்னை ஒரு கடை ஓரத்தில் நிற்கச் சொன்னாள்.

நின்றேன். கையில் பை இல்லை. பிடிக்கவேண்டிய பஸ் இல்லை. எனக்கு நிற்கவே தெரியவில்லை. முந்தானையை இழுத்து இழுத்துச் செருகினேன். பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்ற என் வயசுக்காரி ஒருத்தி கேட்டாள்.

"எந்த ஊருத்தா?"

"செங்கல்பட்டுப் பக்கம்."

"ஆத்தாடி, அம்புட்டுத் தூரமா! யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?"

"எம்பொண்ணு வூட்டுக்கு."

"கட்டிக் குடுத்திருக்கீகளோ?"

"இல்ல. அவளே புடிச்சு வந்த ஊரு."

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்ல ஊருதேன்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள். அதற்குமேல் கேட்கவில்லை. நானும் மறுபடி முந்தானையைத் தொடவில்லை. என் பெண் பொட்டலத்தோடு வந்து, "போலாமாம்மா?" என்றபோது, "இரு, கொஞ்சம் நிக்கலாம்" என்றேன்.

கூடவே இருந்துவிடு என்று அவள் சொன்னாள். நான் திரும்பி வந்துவிட்டேன். அது அவள் எடுத்த ஊர். எனக்கு என் வீடு இருக்கிறது. இப்போது நான் வேலைக்குப் போவதில்லை. காலை ஆறு மணிக்குப் படுத்துத்தான் கிடக்கிறேன். தூக்கம்தான் நாலுக்கே போய்விடுகிறது.

பிறகு அவள் அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் பிள்ளை. கோடை விடுமுறைக்குத் தாயும் பிள்ளையும் வந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆயா என்பார்கள், இது என்னை அம்மாச்சி என்கிறது. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

பூ விஷயத்தை நான் அவளிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்று தெரியாமலே இத்தனை வருஷம் அந்தக் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். நேற்றும் அப்படித்தான் போனாள். பார்த்துக்கொண்டு வந்த எனக்குத்தான் கழுத்து வலித்தது. வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதினேன்.

கண்ணு, இங்கே வா. என் எழுத்து உனக்குப் புரிகிறதா பார். முதலில் இருந்து வாசி, நான் கேட்கிறேன். கோயில் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி. உன் அம்மா அடுப்படியில் இருக்கிறாள்.