மாமா வைத்த பேனர்

ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். அன்று பின்வரிசையில் குசுகுசுவென்று சிரிப்பு. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். திரையில் நான்தான்! பதின்மூன்று வயதில், மஞ்சள் புடவை, தலை கொள்ளாத பூ, பக்கத்தில் கும்பிட்டபடி என் தாய்மாமன். மேலே கொட்டை எழுத்தில் ‘பூப்புனித நீராட்டு விழா’. கீழே என் பெயர், அப்பா பெயர், ஊர், காரிமங்கலத்து மண்டபம், ஒன்றையும் விடவில்லை. என் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடினால் முதலில் வருவதே இதுதானாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதன் பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே முதுகில் சிரிப்பு. ராப்பகலாகப் படித்து வாங்கிய வேலை இது. அந்த வகுப்பில் இனி எந்த முகத்தோடு நிற்பது?

விழா முடிந்ததும் அந்த பேனரைக் கழற்றி மாட்டுக்கொட்டகைக்கு மேலே போட்டுவிட்டார்கள். வெயிலில் வெளுத்து மழையில் கிழிந்து அது போயே போய்விட்டது. அச்சடித்த கடைக்காரர் மட்டும் தன் கடை விளம்பரத்துக்கு அதை முகநூலில் போட்டு வைத்திருக்கிறார். யாரைக் கேட்டுப் போட்டார்?

சனிக்கிழமை நேரே கடைக்குப் போனேன்.

“அழகாத்தானுங்க இருக்குது? அப்ப ரொம்ப ஓடுன டிசைனுங்க அது,” என்றார் பெருமையாக.

“எங்க வூட்டு விசேஷத்த சந்தி சிரிக்க வெச்சுட்டு அழகுன்னு வேற சொல்றீங்களா?”

முகம் சுருங்கி, என் கண்ணெதிரே அழித்தார். “ஆனா வேற கடைக்காரங்க மாடலுக்குன்னு எடுத்துப் போட்டிருக்காங்களே, அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?” என்று தேடிக் காட்டினார். எந்த ஊர் என்றே தெரியாத கடைகளின் பக்கங்களில் எல்லாம் நான். ஒவ்வொன்றுக்கும் புகார் கொடுத்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்த வாரமே மாமா போன் செய்தார். அவருடைய கடைசி மகள் வயசுக்கு வந்திருக்கிறாள்.

“கண்ணு, ஒனக்கு வெச்ச மாதிரியே பேனர் சொல்லப் போறேன். அது நெட்டுலயே இருக்குதாமே!”

“பிள்ளையக் கேட்டீங்களா மாமா?”

“அவள என்னா கேக்கறது? ஊரே பாக்கணுமில்ல?”

“ஊரு பாத்துட்டு, சோறு தின்னுட்டுப் போயிடும் மாமா. நெட்டுல ஏறுனது எங்க போவும்? எங்கிட்ட படிக்கற பசங்களே என்னப் பாத்துச் சிரிக்கறாங்க. அவ படத்தப் போட்டீங்கன்னா நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!”

மாமா பட்டென்று போனை வைத்துவிட்டார்.

விசேஷத்தன்று மண்டப வாசலில் பேனர் இருந்தது. மாமாவும் பங்காளிகளும் மட்டும் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் படமும் இல்லை, பெயரும் இல்லை. யாருக்கு விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமா என்னை முறைத்துக்கொண்டே பதில் சொன்னார். நலங்கு வைக்கக் குனிந்தபோது அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாளைக்கு அவள் பெயரைத் தேடுகிறவனுக்கு இந்த நாள் கிடைக்காது. என் பெயரைத் தேடுகிறவனுக்கு இன்றும் அதே மஞ்சள் புடவைதான். திங்கட்கிழமை முதல் பாடவேளை, அதே ஒன்பதாம் வகுப்பு.