அக்கா பிடித்த ஸ்டியரிங்

மாஸ்டர் பதினெட்டு வருஷமாக ஒரு டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். ஸ்டியரிங்கைக் கண்டாலே கை நடுங்குகிறவர்களைக்கூட லைசென்ஸ் வாங்க வைத்த மனுஷர். பழகுபவர் என்ன தப்புப் பண்ணினாலும், இவர் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. கால் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

ஒரே ஒருநாள் ஏமாற்றிவிட்டது. ஒரு மாணவி பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, இவர் கால் ஒரு நொடி பிந்தியது. சைக்கிளில் வந்தவருக்குக் கால் முறிந்தது. அவர் தேறி, மறுபடி சைக்கிளே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். மாஸ்டர்தான் தேறவில்லை. நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். முதலாளி கூப்பிட்டார், மனைவி கெஞ்சினாள். மனுஷர் அசைந்து கொடுக்கவில்லை.

மாஸ்டரின் அக்கா தையல்காரி. ஆறுதல் சொல்ல அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. சின்ன வயதில் இவர் விழுந்து அழுதால், "ரத்தம் வரலை, எந்திரி" என்பாள். ஆனால் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் பேசி, ஸ்கூல் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் செய்துவிட்டாள்.

"எனக்கு ஓட்டக் கத்துக் குடு."

"ஐம்பது வயசுலயா? வேற ஆளைப் பாருக்கா."

"வேற ஆளை நம்பி நான் உட்கார மாட்டேன்."

"என் காலை நானே நம்பலக்கா."

"நான் நம்பறேன்டா. எனக்கு மட்டும் உசிரு மேல ஆசையில்லையா? வா."

வண்டி தவ்வித் தவ்விப் போனது. முனை திரும்பியதும் குறுக்கே ஒரு தள்ளுவண்டி. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்!

மாஸ்டர் நினைப்பதற்குள் அவர் கால் பிரேக்கை அழுத்திவிட்டது. வண்டி குலுங்கி, என்ஜின் அணைந்து நின்றது. தள்ளுவண்டிக்காரர் திட்டிக்கொண்டே போனார். இரண்டு வண்டிக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி இருந்தது.

நாலு மாதத்து அழுகை மொத்தமும் அப்போது வந்தது மாஸ்டருக்கு. குலுங்கிக் குலுங்கி அழுதார். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"நல்லா அழு, யாரு வேணாங்கிறா. ஆனா முதல்ல இதை எப்படி ஓரங்கட்டறதுன்னு சொல்லு. எனக்கு நடுரோட்டுல நிக்கத்தான் தெரியும்."

அழுகைக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிளட்சை முழுசா மிதிக்கா. இப்போ சாவியைத் திருப்பு."