பென்சிலால் தூர்த்த தோடு

போன வாரம் நல்ல வெயில் நேரத்தில் எங்கள் குளியலறைத் துவாரம் வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. மழை இல்லை, குழாய் எதுவும் உடையவும் இல்லை. கார்த்திகையில் காயல் ஏறும். இங்கே அதை வேலியேற்றம் என்பார்கள். நானும் மனைவியும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் செருப்புகளைக் கூடத்துக்கு நகர்த்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. வருஷா வருஷம் தவறாமல் வருவதிடம் எத்தனை முறைதான் கோபப்படுவது?

தண்ணீர் இறங்கிய பிறகும் கறுப்புச் சேற்றின் வாசனை போகவில்லை. மட்டாஞ்சேரியைப் பார்க்க வருகிறவர்கள் சுக்கு வாசனை, மிளகு வாசனை என்று சிலாகிப்பார்கள். சிலாகிக்கட்டும். எனக்கு இந்த ஊர் என்றால் சேற்று வாசனைதான், அதிலும் எங்கள் தோட்டின் சேறு. தோடு என்றதும் காதைத் தொட்டுப் பார்க்காதீர்கள். இங்கே வாய்க்காலுக்கு அந்தப் பெயர். எங்கள் வரிசை வீடுகளின் வாசலை ஒட்டி அது காயலுக்கு ஓடியது. கரையில் ஒரு ஆள் நடக்கிற இடம் மட்டும் உண்டு. கோடியில் ஒரு பலகையைத் தாண்டினால் ரோடு.

ஐப்பசி முடிவதற்குள் அவரவர் வீட்டின் அகலத்துக்கு அவரவர் சேறு வாரவேண்டும். ஒரு வீடு வாராவிட்டால் மேலண்டை வீடுகளில் எல்லாம் தண்ணீர் நின்றுவிடும். நான் டிமிக்கி கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ராவுத்தரண்ணன் மண்வெட்டியோடு வாசலில் வந்து நிற்பார். "எறங்குடா. உன் பங்கை நான் வாரினா, என் பங்கை ஆரு வாருவா?" வாரிய சேறு தென்னைக்குப் போகும். பிறகு அவர் வீட்டில் எல்லோருக்கும் அவித்த கப்பக்கிழங்கும் மீன்கறியும். நகத்தில் சேறு போகாத கையோடுதான் தின்போம்.

அவர் மனைவி ஆமினா அக்காவுக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் மர நாற்காலியில் உட்காரவைத்து, காலுக்கு ஒருவராக நாலு பேர் தூக்கிப் பலகை தாண்டுவோம். "என்னைத் தோட்டுல போட்றாதீங்கடா" என்று அந்த இரைப்பிலும் சிரிப்பார். ஆனால் இறக்கி வைத்ததும் அவர் விரல்கள் நாற்காலிக் கையை விட மறுக்கும். அவ்வளவு பயம்.

எனக்கு அப்போதுதான் முதல் வேலை கிடைத்திருந்தது. நகரத்துக்கு வரைபடம் எடுத்துக் கொடுக்கிற ஒரு ஒப்பந்தக்காரரிடம் அளவு டேப் பிடிக்கிற வேலை. எழுத்து அழகாக இருக்கிறதென்று படம் வரையவும் உட்காரவைத்தார்கள். மலையாள எழுத்துதான், என் தமிழ் எழுத்தை இன்றைக்கும் கோழி கிளறினதென்றுதான் மனைவி சொல்கிறாள். எங்கள் பகுதித் தாளும் என் கைக்கே வந்தது. தெரிந்ததும் ராவுத்தரண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டா, அந்தத் தோட்டை வழின்னு போட்டுரு. வழின்னு இருந்தாத்தான் மண்ணடிச்சு ரோடாக்குவாங்க. அக்காவுக்கு வாசல்ல ஆட்டோ வரும், கேட்டியா."

"பொய்யில்லையாண்ணே?"

"கரையில நாம நடக்கலையா? அப்ப வழிதானே?"

நீலக்கோடு வரவேண்டிய இடத்தில் பென்சிலால் வழிக்கான இரண்டு புள்ளிக்கோடுகள் போட்டேன். சரிபார்க்க வந்தவர் தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்து வந்தார். ஈரப் பள்ளத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச காலத்தில் செம்மண் வந்தது, பிறகு சிமெண்ட். தண்ணீருக்கென்று என் தொடை பருமனில் ஒரு குழாயைப் புதைத்தார்கள். முதல் ஆட்டோ வாசலில் நின்றபோது ஆமினா அக்கா அழுதுவிட்டார். தெருவே என்னைக் கொண்டாடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். அதை நினைத்தால், செய்தது முழுக்கத் தப்பென்று இன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஐப்பசியில் யாரும் மண்வெட்டியை எடுக்கவில்லை. வாருவதற்குத்தான் ஒன்றுமில்லையே. மண்ணுக்கடியில் குழாய் அடைத்துக்கொண்டதை யார் பார்த்தார்கள்?

முந்தாநாள் ஒரு பொறியாளர் பெண் வந்தாள். தூர்ந்த தோடுகளைத் தேடித் திறக்கப்போகிறார்களாம். கைபேசியில் பழைய படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "அங்கிளே, ரெக்கார்டில் இவிடே தோடில்லல்லோ?" படத்தின் ஓரத்தில் என் எழுத்து. அவ்வளவு அழகாக நான் பிறகு எழுதியதில்லை.

தோடு இருந்தது மகளே, அதை வழியென்று வரைந்தவன் நான்தான் என்றேன். கிழவர் தமாஷ் செய்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்தாள். பழைய குடியிருப்புக்காரர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், தோண்டிவிடலாம் என்று ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாள்.

தாள் இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆட்டோ வாசலுக்கு வருவதால்தான் சமாளிக்கிறோம். தோடு திறந்தால் ஆட்டோ ரோட்டிலேயே நின்றுவிடும். திறக்காவிட்டால், ஏறி நிற்கிற உப்புத் தண்ணீரில் வண்டியை இறக்க எவனும் சம்மதிப்பதில்லை. போன வாரம் ஒரு முறை போகமுடியாமல் அவள் முகமெல்லாம் வீங்கிவிட்டது.

அவள்தான் சொன்னாள்: "எழுதிக் குடுத்துருங்க. ஆமினா அக்காவைத் தூக்கிட்டுப் போகலையா? அதுபோல நாற்காலியில என்னையும் தூக்கிட்டுப் போனா மதி, அது போதும்."

கையெழுத்துப் போட்டேன். பிறகு வாசலில் வந்து நின்றேன். ராவுத்தரண்ணன் வீடு இப்போது ஹோம்ஸ்டே; இன்று வந்து இறங்கிய ஒரு வெள்ளைக்காரர் கையசைத்தார். அடுத்த வீட்டில் பூட்டு, அதற்கடுத்தது காபிக்கடை. பழைய ஆட்களில் மிச்சம் நாங்கள் இருவர்தான். தோட்டை அவர்கள் தோண்டிவிடுவார்கள், இயந்திரம் இருக்கிறது. நாற்காலியின் ஒரு காலை நான் பிடித்துக்கொள்வேன். மற்ற மூன்று காலுக்கு இந்தத் தெருவில் ஆள் இல்லை.