கார்த்திகையை நம்பி கேஜ் ஏறியவர்கள்

ஊரையே எழுப்பிவிட்டு, எழுப்பினதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். ஊரிகம் தங்கச் சுரங்கத்தில், எங்கள் லைன் வீடுகளில் காலை ஷிப்ட்டுக்கு ஆள் எழுப்புவது என் வேலை. சங்கு ஊதுவார்கள், ஆனால் அது ஊதும்போது, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் வாசலில் நிற்க வேண்டும். கடிகாரம் யார் வீட்டிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு நட்சத்திரப் பெயரையும் ஒப்பித்தவள் நான். வானத்தில் அடையாளம் தெரிந்தது ஐந்தாறுதான்.

வெள்ளி ஏமாற்றியது

முதலில் விடிவெள்ளியை நம்பினேன். விளக்கு மாதிரி இருந்தது, நாளாக நாளாகக் கீழே இறங்கி, ஒருநாள் வரவேயில்லை. நான் கிழக்கே பார்த்து நிற்கையிலேயே சங்கு ஊதிவிட்டது. பக்கத்து வீட்டு முனுசாமிக்கு கேஜ் போய்விட்டது. இன்னொரு நாள் தவறினால் பேரை அடித்துவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். அவன் பெண்சாதி குப்புவோ முழுகாமல் இருந்தாள். சில மாதம் கழித்து அதே வெள்ளி சாயங்காலம் மேற்கே பளிச்சென்று நின்றது. முனுசாமி பார்த்துவிட்டுச் சொன்னான்: “இன்னாக்கா, அதுவும் நைட் ஷிப்ட்டுக்கு மாறிடுச்சா?”

கார்த்திகை முந்தியது

ஆனி பிறந்ததும் கார்த்திகையைப் பிடித்தேன். அந்த ஆறு நட்சத்திரக் கொத்து கேஜ் இறங்கும் ஷாப்ட்டின் உச்சிச் சக்கரத்துக்கு மேலே ஏறியதும் கதவு கதவாகத் தட்டுவேன். ஒருத்தரும் தவறவில்லை. ஆனால் வரவர எல்லார் வாயிலும் கொட்டாவி. ஆடி பிறக்கையில், நான் அனுப்பிய ஆட்கள் ஷாப்ட் வாசலில் வரிசையாகக் குறட்டை விட்டார்கள். காவல்காரர் என்னிடமே வந்துவிட்டார்: “இன்னாம்மா, முன்ன போன ஷிப்ட்டே இன்னும் மேல வரல, அதுக்குள்ள இவங்கள அனுப்பிட்டியே!”

பங்காருபேட்டைச் சந்தையில் பஞ்சாங்கக்காரரைக் கேட்டேன். எந்த நட்சத்திரமும் தினம் கொஞ்சம் முந்தி உதிக்கும், மாதத்தில் ஐந்து நாழிகை முந்திவிடும் என்றார். கார்த்திகைக்குப் பின்னால் அவ்வளவு நேரம் கழித்து, மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில் ஏறி வரும்; இனி அதைப் பார்க்கச் சொன்னார். “வருஷமெல்லாம் ஒரே மாட்டையா ஏர்ல கட்டுவ? மாத்திக் கட்டும்மா!”

வானம் மூடிய நாள்

மாட்டை மாற்றிக் கட்டினேன். மழை மேகம் வந்து மூடிக்கொண்டது. கார்த்திகையும் இல்லை, மூன்றும் இல்லை. குப்புவுக்குப் பிரசவம் இன்றோ நாளையோ என்றிருந்தது. அந்த நேரத்திலா முனுசாமி வேலை போக வேண்டும்? வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். உள்ளே என் கைக்குழந்தை மகள் பாலுக்கு அழுதாள். அப்போதுதான் உறைத்தது: தினமும் நான் தட்டக் கிளம்பும் நேரத்துக்குத்தானே இவள் அழுவாள்! அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் தட்ட, அவள் கத்த, லைனே எழுந்துவிட்டது. முனுசாமி கேஜில் கால் வைக்கையில்தான் சங்கு ஊதியதாம்.

இருபத்தேழையும் வானத்தில் தேடினவள், இருபத்தெட்டாவதை இடுப்பிலேயே வைத்திருந்திருக்கிறேன். விடிந்ததும் குப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். என் மகள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்:

“அக்கா, மழ நிக்கிற வரிக்கும் பாப்பாவுக்குப் பால் மறக்கடிச்சிடாத!”