நைனாவின் எடை

பச்சை முட்டையின் வாடை எங்கள் வீட்டு டம்ளர்களை விட்டுப் போகாத ஒரு கோடை உண்டு. புளி போட்டுத் தேய்த்தாலும் வாயருகே கொண்டுபோனால் குமட்டும். அப்போது நாங்கள் திருவொற்றியூரில் இருந்தோம். நைனா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவர், மாலையில் குத்துச்சண்டைக்காரர். எண்ணூரில் ஆரோக்கியம் என்று ஒரு ஹெவிவெயிட் இருந்தார். இருவரையும் மோதவிட்டால் யார் ஜெயிப்பார் என்பதுதான் தெருமுனை சலூனில் அந்தக் கோடை முழுவதும் பேச்சு.

"ஆரோக்கியத்துக்குக் கை நீளம் மாமு. உன் ஆளு கிட்டவே போவ முடியாது."

"போய்ட்டா? வவுத்துல ஒண்ணு வுட்டா மூணாவது ரவுண்டுலயே பேஜாராயிடுவான்."

"மொதல்ல உன் ஆளு வெயிட்டுக்கு வரட்டும்."

அதுதான் சிக்கல். ஹெவிவெயிட்டுக்கு நைனா கொஞ்சம் குறைவு. ஆகவே தெருவே அவருக்கு ஊட்டத் தொடங்கியது. ஒரு வீட்டிலிருந்து முட்டை வரும், இன்னொரு வீட்டிலிருந்து தூக்கில் ஆட்டுக்கால் பாயா வரும். என்னைக் கண்டால் சலூன்காரர், "இன்னா பாப்பா, நைனா தான ஜெயிப்பாரு?" என்பார். அப்படிச் சொல்வதுதான் மகளுக்கு அழகு என்று நினைத்து "ஆமா" என்பேன். உள்ளுக்குள் சண்டையே நடக்கக் கூடாது என்றிருந்தது. முந்தைய சண்டையில் நைனாவின் இடது காது கேட்காமல் போயிருந்தது. "இன்னொரு அடி பட்டா மிச்சம் கீற காதும் பூடும்" என்று அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொல்வாள். கை நீளத்தையும் மூச்சையும் அளந்த சலூன் கூட்டத்தில் யாரும் காதைப் பற்றிப் பேசவில்லை.

நைனா அந்த முட்டைகளைக் குடிக்கவில்லை. அம்மா திரும்பியதும் டம்ளரை என் பக்கம் நகர்த்துவார். பாயாவும் அப்படித்தான் என் தட்டுக்கு வந்தது. அவர் காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. சீருடைப் பாவாடை மட்டும் இடுப்பில் இறுகிக்கொண்டே போனது.

எடை பார்க்கும் நாளில் சலூன் கூட்டம் மொத்தமும் மார்க்கெட்டுக்குப் போனது. இரும்பு நிறுக்கும் தராசில் நைனா ஏறி நின்றபோது முன்பைவிடவும் குறைந்திருந்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. பழி அம்மா மேல் விழுந்தது. "வூட்ல சோறு போட்டாத்தான ஏறும்" என்று வாசலைக் கடக்கும்போதெல்லாம் சொன்னார்கள். டம்ளர் என் பக்கம் நகர்ந்தது அம்மாவுக்குத் தெரியுமோ என்னவோ.

சலூன் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பயிற்சி நடந்த கொட்டகை போய், அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. போன வாரம் ரேஷன் கடை வரிசையில் பார்த்த மிகவும் தளர்ந்துபோன சலூன்காரர், "ஒங்க நைனா மட்டும் வெயிட்டு ஏறியிருந்தா நாக்அவுட்டு தாம்மா" என்றார். "ஆமாண்ணே" என்றேன். பிள்ளை பெற்றபின் எதையும் ஒரே பக்கமாக நினைக்க முடிவதில்லை: நைனா பயந்தாரா, எங்களுக்காக விட்டாரா, இல்லை அவருக்கு முட்டையே பிடிக்காதா. அவரிடம் கேட்க இன்னும் தெம்பில்லை. அன்று அரிசிப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகள் தாத்தாவின் வலது பக்கம் பெஞ்சில் ஏறி நின்று காதுக்குள் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்டியா?" என்றார் நைனா.