ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் என் கணவருக்குச் சட்டை நனைய வேர்த்தது. மதியச் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். யாரோ எவளோ என்பதுபோல் என்னைப் பார்த்தார். பேச்சு குழறியது. வாதம் அடித்துவிட்டது என்றே நினைத்து ஆட்டோ பிடித்தேன்.

நாங்கள் பதினொரு வருடமாகத் தனித்தனி வீடு. அவர் மண்டகப்பட்டுப் பக்கம் சொந்த ஊரில், நிலமும் இரண்டு மாடுமாக. எனக்குச் செஞ்சி பஜாரில் தையல் கடை, மாடியில் ஓர் அறை. மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் இப்படி ஆனோம். கோர்ட்டு, கேஸ் ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தால் உப்பு கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவார். அன்றைக்கு மட்டும் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு ஒத்துவந்தது.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். வாதம் இல்லை, தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுவது) என்றார் டாக்டரம்மா. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் தெளிந்தது.

"சர்க்கரை மாத்திரை யாரு குடுக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா. காலைல என் கையாலதான் குடுத்தேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

கட்டிலில் இருந்து இவர் முனகினார். "ஊர்லயும் ஒண்ணு போட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்."

முன்பெல்லாம் ஞாயிறு அவசரத்தில் மாத்திரையை மறந்துவிட்டு வருவார். அதனால் மருந்துச் சீட்டைக் காட்டி என் வீட்டுக்கென்று ஓர் அட்டை மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். அவர் திருந்தியது எனக்குத் தெரியாது.

"இன்னாத்துக்கு வாயத் தொறக்காம முழுங்குனீங்க?"

"ஞாயித்துக்கெழமையாச்சே. நீ குடுக்கிற, வேணாம்னு எப்படிச் சொல்றது?"

எத்தனை வாரமாக என்றேன். நாலஞ்சு இருக்கும் என்றார். அந்த வாரங்களிலும் அவர் வேர்த்துச் சுருண்டு படுத்திருந்தார். தின்றுவிட்டுத் தூங்கத்தான் வருகிறார் என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினேன். ஞாயிறு என்பதால் வாய்விட்டுத் திட்டவில்லை. பாவி, திட்டியிருந்தாலாவது விஷயம் வெளியே வந்திருக்கும்.

சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருப்பதால் மருந்து உடம்பில் தங்கிவிடுகிறது என்றார் டாக்டரம்மா. இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். மணிக்கொருமுறை விரலில் குத்தினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் காத்திருந்து எனக்கு அலுத்துப்போனது. அலுப்பாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

மகள் வந்தாள். "போதும்மா உங்க ரெண்டு வீடு. கடையக் காலி பண்ணிட்டு நைனா கூடப் போயி இரு."

இதற்குத்தான் பயந்திருந்தேன். போனால் ஒரே மாதத்தில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவோம். போகாமல் இருந்து, அங்கே தனியாக அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அழுதுவிட்டேன்.

"அவ வந்தா எனக்கு மாத்திரையே தேவப்படாது. அதுக்கு முன்னாடியே போயிடுவேன்," என்றார் இவர். அழுகையோடு சிரித்துவிட்டேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வீடு ரெண்டோ மூணோ, அது உங்க பாடு. மாத்திரை டப்பா ஒண்ணுதான் இருக்கணும். போட்டாரா இல்லையான்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்." மாத்திரையின் அளவையும் குறைத்து எழுதினார்.

எங்களைப் போல் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டாவது அட்டையைத் தூக்கிப் போடுங்கள். சட்டைப் பையில் நாலு வெல்லத் துண்டு இருக்கட்டும். காரணமில்லாமல் வேர்த்தால், கை நடுங்கினால், நினைவு இருக்கும்போதே அதை வாயில் போடுங்கள். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது தினமும் காலை ஏழரைக்கு அவர் போன் வரும். மாத்திரை போட்டுத் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும். அது கேட்கும்வரை எனக்குக் காப்பி இறங்குவதில்லை, மெஷினில் கால் வைப்பதில்லை. அவர் உடம்பு அங்கே இருக்கிறது, அதன் நேரம் என் உடம்பில் ஓடுகிறது. சில நாள் சலிப்பாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு இன்னொரு கரண்டி சோறு போடப் போனேன். அவர் கையால் தட்டை மறைத்தார்.

"வேணாம்."

சொல்லிவிட்டு, திட்டு விழுமோ என்று என்னைப் பார்த்தார். பதினொரு வருட ஞாயிறுகளில் நான் கேட்ட முதல் 'வேணாம்'. கரண்டியோடு அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னொரு தபா சொல்லுங்க," என்றேன்.