இடது தோளுக்குச் செய்த துப்பாக்கி

நல்ல இங்கிலீஷ் துப்பாக்கியை மடக்கித் திறந்து மறுபடி மூடும்போது, பழைய காரின் கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம் வரும். கனமாக, ஒரே ஒரு 'டப்'.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் நான் ரெஜிஸ்டர் எழுதிய நாட்களில் அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது. மயிலாப்பூரில் அம்மா மட்டும் எல்லாரிடமும், "ஸ்போர்ட்ஸ் கடையில வேலை பார்க்கறா" என்றே சொல்லி வைத்திருந்தாள்...

ஒரு நாள் ஜாபர் பாய் வந்தார். திருவல்லிக்கேணியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் அத்தா என்று கூப்பிட்ட அப்பா இறந்து ஒரு மாதம். லைசென்ஸ் அத்தா பெயரில் இருந்ததால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது. விலை பார்த்து விற்றுவிடலாம் என்று கொண்டுவந்திருந்தார்.

"லண்டன் துப்பாக்கிம்மா. அத்தா அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தாரு."

எங்கள் கடையில் மதிப்புப் போடுகிறவர் ஜேம்ஸ் சார். சாந்தோம்காரர், அதிகம் பேசமாட்டார். இரட்டைக் குழலைத் தனியே கழற்றிக் கவிழ்த்து, அடியில் இருந்த சின்னச் சின்ன முத்திரைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"மேல எழுதியிருக்கற பேரு லண்டன் கடை. குழலைச் சோதிச்சு அடிக்கற முத்திரை பர்மிங்காம் ஊரோடது. அங்க செஞ்சு இவங்க பேர் போட்டு வித்திருக்காங்க. நல்ல சரக்குதான், ஆனா நீங்க நினைக்கற விலை வராது."

பிறகு தோளில் வைக்கும் மரக்கட்டையைத் தடவிப் பார்த்தார். "இது இங்கிலீஷ் கட்டை இல்லையே. நம்ம ஊர் ஈட்டி மரம்."

"ஆமா சார். பழசு ஒடைஞ்சுபோச்சுன்னு அத்தாதான் புதுசா செய்யச் சொன்னாரு."

ஜேம்ஸ் சார் குழலை மறுபடி பூட்டி, பின்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். "உங்க அத்தா இடது கைக்காரரா?"

"இல்லியே. எல்லாம் சோத்துக்கைதான்."

"கட்டை இடப்பக்கமா வளைஞ்சிருக்கு, பாருங்க. கன்னம் பட்டுப் பட்டு வலப்பக்கம்தான் பாலிஷ் போயிருக்கு. இடது தோள்ல வெச்சுச் சுடறவருக்குத்தான் இப்படித் தேயும்."

ஜாபர் பாய் இடது கையை மேசைமேல் வைத்தார்.

"நான்தான் சார் பீச்சாங்கை. சின்ன வயசுல இந்தக் கையால எழுதுனா ஸ்கேலால போடுவாரு. ஒரு தபா துணி போட்டுக் கட்டியே வெச்சுட்டாரு..." விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேட்டைக்கு மட்டும் யாரையும் கூட்டிக்கினு போமாட்டாரு. தனியாத்தான் போவாரு. எந்தத் தோள்ல வெச்சுச் சுட்டாருன்னு நாங்க யாரும் பார்த்ததில்ல."

தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஜேம்ஸ் சார் குழல் காலியா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பாய் முதலில் வலது தோளில் வைத்தார். சரியாக உட்காரவில்லை. இடது தோளுக்கு மாற்றினார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"விக்கல சார். என் பேருக்கு லைசென்ஸ் மாத்த இன்னா பண்ணணும்?"

லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி எங்கள் கடையில் இருக்கும். ரெஜிஸ்டரை நீட்டினேன். பேனாவை இடது கையில் வாங்கினார். 'ஜா' மட்டும் எழுதினார், கோணலாக.

நான்தான் சொன்னேன். "பாய், நீங்க எப்பவும் போடற கையெழுத்தா இருக்கணும். லைசென்ஸ் மனுவோட ஒத்துப்பார்ப்பாங்க."

அதை அடித்துவிட்டு, பேனாவை வலது கைக்கு மாற்றி அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவர் வந்து எடுத்துப்போன அன்று நான் லீவு.

இப்போது அந்த இடத்தில் மொபைல் ஷோரூம். எதற்கெடுத்தாலும் ஓடிபி, எந்தக் கையால் தட்டுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு எனக்கும் ரூல்ஸ்தான் பெரிதாகத் தெரிந்தது... அவரை முழுப் பெயரையும் எழுதவிட்டு, கீழே இன்னொரு கையெழுத்து வாங்கியிருக்கலாம். ரெஜிஸ்டரின் அந்தப் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது.